மூடியில் படிந்தது

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி தொடங்கி மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவள் சாணியக்காதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் கூச்சப்படுவார்கள்; அப்புறம் அவர்கள் வாயிலும் அதுவே வந்துவிடும். அவளுக்கு இதில் வருத்தம் கிடையாது. "சாணியைப் பாத்துச் சம்பளம் வாங்குறவளைச் சாணியக்கான்னு கூப்பிடாம சந்தன அக்கான்னா கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள்.

வேலையைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். பண்ணையில் கன்று இருமினால், ஆடு மெலிந்தால், குதிரை தீனி எடுக்காமல் நின்றால், காகிதப் பையில் சாணமோ புழுக்கையோ லத்தியோ அவள் மேஜைக்கு வந்து சேரும். அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரத்தாள் விரித்து, அதன்மேல் அதை வைத்து, மூடியைப் போட்டு ஜன்னலோரப் பலகையில் வைத்துவிடுவாள். பிறகு சும்மா இருக்க வேண்டும். அந்த வேலையிலேயே கஷ்டமானது இந்தச் சும்மா இருப்பதுதான். ஈரமும் வெளிச்சமும் பட்டதும், சாணத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த பூஞ்சை வித்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவரும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் முறை உண்டு. முந்தாது, பிந்தாது.

முதலில் வருபவனுக்கு அவள் வைத்த பெயர் தொப்பி எறியான். தண்ணீர் நிறத்தில் ஒரு தண்டு, உச்சியில் கறுப்புத் தொப்பி. வெளிச்சம் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்துவைத்துக்கொண்டு, தொப்பியைப் படீரென்று எறியும். மாட்டின் நுரையீரலில் புழு இருந்தால் அதன் குஞ்சுகள் இந்தத் தண்டில் ஏறித் தொப்பிமேல் உட்கார்ந்துகொள்ளும். தொப்பியோடு பறந்து சுத்தமான புல்லில் இறங்கி, அடுத்த கன்றின் வாய்க்குள் போய்விடும். ஓசிச் சவாரி. அதைக் கண்டதும் சாணியக்கா பண்ணைக்குப் போன் போடுவாள், மொத்த மந்தைக்கும் மருந்து போகும். தொப்பி எறியானுக்குப் பின்னால் கறுப்புக் குடுவைக்காரர்கள், கடைசியில் ஒரே நாளில் விரிந்து மையாய் உருகிப்போகிற குட்டிக் குடைகள். இடையில் கண்ணுக்கே தெரியாதவை எத்தனையோ. அவற்றை ஊசி முனையால் தொட்டு, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் வித்தின் நீளத்தையும் வாலையும் மேல்வரியையும் பார்த்து இன்னார் என்று சொல்லிவிடுவாள். தப்பு வந்ததாக யாரும் சொன்னதில்லை.

அவளிடம் இரண்டே தீர்ப்புதான். குழாயில் கண்ணை வைத்துக்கொண்டே "நம்ம ஆளு" என்பாள். அல்லது "நம்ம ஆளு இல்ல" என்பாள். சாணத்தோடு வந்தது நம்ம ஆள். காற்றில் வந்தது, தூசியில் வந்தது, மூடியில் தானாய் வந்து ஒட்டியது எதுவும் நம்ம ஆள் இல்லை. மூடி சில நாள் உள்பக்கம் பனி பிடித்த மாதிரி மங்கிக் கிடக்கும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடை. பளிச். அதற்குப் பிறகுதான் உள்ளே பார்ப்பாள். அந்த அறையில் சாணியே சுத்தமான பொருள், மற்றதெல்லாம் அழுக்கு.

அந்த அழுக்கிலும் அவளுக்கு ஆகவே ஆகாதது பல்லி எச்சம். பழைய கட்டடம், உயரமான கூரை, குழல்விளக்கைச் சுற்றி எப்போதும் பல்லிகள். மேஜைமேல், பேப்பர்மேல், மூடி திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கிண்ணத்துக்குள்ளேயே கூடப் போட்டுவிடும். "உங்களுக்கு வேற இடமே கிடைக்கலியா?" என்று மேலே பார்த்துத் திட்டிவிட்டு, இடுக்கியால் எடுத்துக் குப்பைக்கூடையில் சுண்டிவிடுவாள். பல்லி எச்சத்தை அவள் வாழ்நாளில் ஒருநாளும் சாணம் என்று நினைத்ததில்லை. புல் தின்கிற பிராணி போடுவதுதான் அவள் கணக்கில் சாணம்.

அவள் கணவருக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி எது போனாலும் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி ஓடவைத்துக் கொடுப்பார். மேஜை நடுவில் தகரத் தட்டு, அது நிறையத் திருகாணிகள். ஒரு கையில் மோட்டார், ஒரு கையில் திருப்புளி, ஆகவே திருகாணிக்கு இடம் உதடு. நாலைந்தை உதட்டில் கவ்விக்கொண்டுதான் ஆள் பேசுவார். "வாயா அது, டப்பாவா? இரும்பைத் துப்புங்க முதல்ல," என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். துரு உடம்புக்கு ஆகாது என்பது அவள் பயம். "கை ரெண்டுதானே கொடுத்தான் கடவுள், மூணாவதுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்பார், திருகாணி விழாமல்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெண்டாட்டி பெருமைதான். "எங்க வீட்டுக்காரி சாணியைப் பாத்தான்னா மாட்டோட ஏழு தலைமுறையும் சொல்லுவா." வீட்டுக்குள் வந்தால் கேலி. ஒரு நாள் அவள் கவனிக்காமல் பூசணம் பிடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி, "ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்ததாம். நம்ம ஆளா பாரும்மா இது," என்றார். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அந்த வீட்டில் அப்படி நிறையச் சிரிப்பு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடிகிறது.

வலி முதலில் வந்தபோது வாயு என்றார். அடிவயிற்றில் வலப்பக்கம். வெந்நீர் குடித்தார், குப்புறப் படுத்தார். அப்புறம் சாயங்காலக் காய்ச்சல். அப்புறம் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, பிறகு இன்னொன்று; கடையில் துளைபோடும் கருவி இருந்ததால் ஓட்டை போடுவது சுலபமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மகள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள், வர மாட்டேன் என்கிற நோயாளியை வரவைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

படமெடுத்துப் பார்த்ததில் குடலில் ஒரு கட்டி. குழாய் விட்டு ஒரு துண்டு சதை எடுத்தார்கள். அந்தத் துண்டைப் பற்றிய முடிவு வருகிறவரை வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள். புற்றுநோய் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று, சாணியக்கா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அவருடைய கட்டிலருகே அவளை நிற்கவைத்து டாக்டரம்மா பேசினார். சின்ன வயது, தூக்கம் போதாத கண், ஆனால் எதையும் அவசரப்படாமல் கேட்கிற பெண்.

"நீங்க சாணத்துல வளர்ற பூஞ்சையெல்லாம் பாக்குறவங்கன்னு இவர் சொன்னார்."

"ஆமா டாக்டர்."

"அதனாலதான் கேக்கிறேன். இது பெரும்பாலும் குடல் தன்னைத்தானே எதிர்த்துச் சண்டை போடுற வியாதிதான். அதுக்கு மருந்து இருக்கு, கொடுத்தா வலி சட்டுனு அடங்கும். ஆனா அது உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கட்டிப்போட்டுடும். உள்ள ஏதாவது பூஞ்சை இருந்து, தெரியாம இதைக் கொடுத்தோம்னா, பூஞ்சைக்கு நாமளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அந்தச் சதையில ஒரு வகை அணுக்கள் அளவுக்கு மீறி இருக்கு. அதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. இன்னொரு துண்டு எடுத்து வளத்துப் பாக்கலாம். வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் இவர் இந்த வலியோட இருக்கணும். உங்க வேலையில இருந்து எதாவது இவருக்குப் போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. ஊரில் எல்லோரும் கேட்பதுதானே, சாணி தொட்ட கையால் சமைப்பாயா என்று.

"இல்ல டாக்டர். நம்ம ஆளுங்க எல்லாமே வயித்துக்குள்ள போய்ட்டு வர்றவங்கதான். புல்லோட உள்ள போவாங்க, சாணியோட வெளிய வருவாங்க. பஸ்ல ஏறி இறங்குற மாதிரி. உள்ள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெளிய வந்தப்புறம்தான் முளைக்கவே செய்வாங்க."

"எல்லாமே அப்படித்தானா?"

"இத்தனை வருஷமா பாக்குறேன். உடம்புக்குள்ள வளர்றது எதுவும் நம்ம ஆளு இல்ல."

"அப்ப வளத்துப் பாக்க வேண்டாங்கிறீங்களா?"

கட்டிலில் அவர் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். நெற்றியில் வியர்வை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் டாக்டர். காலம் கடத்தாதீங்க. மருந்தை ஆரம்பிங்க."

அவரும் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "அவ சொன்னா சொன்னதுதான் டாக்டர்."

மருந்து வேலை செய்தது. அதுதான் கொடுமை. வலி அடங்கி, காய்ச்சல் இறங்கி, மனுஷன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். வீட்டுக்கு வந்தார். கடையைத் திறந்து, சுற்றாமல் கிடந்த இரண்டு விசிறிகளைச் சுற்றினார், உதட்டில் திருகாணியோடு. சாணியக்கா நிலையத்துக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். "டாக்டரம்மா பயந்துட்டாங்க, நான்தான் தைரியம் சொன்னேன்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

பிறகு ஒரு மத்தியானம் கடையில் மோட்டார்மேலேயே கவிழ்ந்துவிட்டார். குடலில் ஓட்டை விழுந்திருந்தது. அவசரமாக வயிற்றைத் திறந்து கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்தார்கள். முதலில் பார்த்ததைவிடக் கட்டி பல மடங்கு பரவியிருந்தது.

டாக்டரம்மா அவளை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். மைக்ராஸ்கோப்பைக் கை காட்டினார். சாணியக்கா கண்ணை வைத்தாள். சிவப்புச் சாயம் ஏற்றிய சதை. அதற்குள் அகலமான, ஒழுங்கில்லாத இழைகள், ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு உறை. பூஞ்சை என்பது அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. வித்து இல்லை, வால் இல்லை, வரி இல்லை. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

"இது நம்ம ஆளு இல்ல," என்றாள்.

"வளத்துப் பாக்குறோம். வர்ற வரைக்கும் காத்திருக்கல, பூஞ்சை மருந்தை இப்பவே ஆரம்பிச்சாச்சு," என்றார் டாக்டரம்மா. "தப்பு உங்க மேல மட்டும் இல்ல. எனக்கு உறுத்துச்சு. உறுத்தினதை உங்ககிட்ட கேட்டுட்டு நான் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

அந்தப் பெண் நல்ல பெண். ஆனால் அந்த ஆறுதல் சாணியக்காவின் மனதில் ஒட்டவில்லை. கேட்டது டாக்டர்தான். பதில் சொன்னது யார்?

வாரக்கணக்கு என்று எதற்குப் பயந்தாளோ, அது மூன்றாம் நாளே வளர்ந்து நின்றது. பூஞ்சை வளர்க்கக் கூழ் ஊற்றிய தட்டைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினார்கள். மங்கலான சாம்பல் நிறத் திட்டு, நடுவிலிருந்து ஆரம் ஆரமாக மடிப்பு. தட்டைக் கையில் வாங்கும்போதே மூடி உள்பக்கம் பனி பிடித்த மாதிரி இருந்தது. மூடியை இம்மி விலக்கினாள். மழை பெய்த மண் வாசனை.

கை தானாகவே பஞ்சைத் தேடியது. தேடின கையை அவள் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மங்கலை அவளுக்குத் தெரியும். இந்த வாசனையைத் தெரியும். கீழே இருக்கிற பூஞ்சை உருண்டை உருண்டையாய் வித்துகளை மேலே சுட்டு மூடியை நிறைக்கிறது. அதைத்தான் அவள் துடைத்துத் துடைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவர் நினைவோடு இருந்தார். மூக்கில் குழாய், வயிற்றில் கட்டு. கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க நினைக்கவில்லை, நினைத்தாலும் அவரிடம் அவளுக்கு மறைக்க வராது. "பூஞ்சைதாங்க. டாக்டர் கேட்டாங்க, நான் இல்லைன்னுட்டேன். தெரிஞ்ச மாதிரிச் சொல்லிட்டேன். தப்புப் பண்ணிட்டேங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கோபமோ என்று பயந்தாள். கோபித்துக்கொண்டால் நல்லது என்றும் இருந்தது.

"கம்பி எரிஞ்சிருக்குன்னு நினைச்சுப் பிரிப்பேன்," என்றார் கடைசியில், மெல்ல. "எல்லாத்தையும் உருவிப் போட்டப்புறம் பாத்தா, பேரிங்தான் போயிருக்கும். எனக்கு எத்தனை வாட்டி நடந்திருக்கு."

"அது மோட்டாருங்க."

"ஆமா," என்றார். "மோட்டார்னா திரும்பச் சுத்திரலாம்." கொஞ்சம் கழித்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். அவள் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

மருந்து அதன் வேலையைச் செய்ய நாள் கேட்டது. அவர் உடம்பில் அத்தனை நாள் இல்லை. ஒரு விடியற்காலை, மகள் டீ வாங்கப் போயிருந்த நேரம், அவர் போய்விட்டார். சாணியக்கா அழவில்லை. மகள் டீயோடு வந்து நின்றபோது, இரண்டு டம்ளரையும் வாங்கிக் கட்டிலடியில் ஓரமாக வைத்தாள், யார் காலும் பட்டுக் கொட்டிவிடக் கூடாது என்று.

எங்கிருந்து வந்தது என்பதை டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. பல்லி, தவளை மாதிரிப் பிராணிகளின் எச்சத்தில் இருக்கும், மண்ணிலும் இருக்கும், எப்படியோ வாய்வழி போயிருக்கலாம், அபூர்வமான வியாதி என்றார். அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டு சாணியக்கா தலையாட்டினாள். பல்லி என்ற சொல்லைக் கேட்டபோது அவள் ஆட்டவில்லை.

கடையைக் காலி செய்யத் தாயும் மகளும் போனார்கள். பூட்டைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை, அவர் சட்டை வாசனை. மகள் பாதி சுற்றிய ஒரு விசிறியைத் தூக்கிவைத்துக்கொண்டு அழுதாள். சாணியக்கா மேஜையருகே நின்றாள். மேஜைக்கு மேலே, வேலை செய்ய வசதியாகத் தாழ்வாகத் தொங்கவிட்ட பல்பு. பல்பைச் சுற்றிச் சுவரில் பல்லிகள். பல்புக்கு நேர்க்கீழே தகரத் தட்டு. திருகாணிகளுக்கு நடுவில், கறுப்பாய், நுனியில் வெள்ளையாய், எச்சம். ஒன்றல்ல, இரண்டல்ல. காய்ந்ததும் புதிதும்.

இத்தனை வருஷமாக இந்தத் தட்டைப் பார்த்துத் துருவுக்குப் பயந்திருக்கிறாள்.

ஒரு காகிதத்தை மடித்து, எச்சத்தை அதில் தள்ளிக்கொண்டாள். பண்ணைக்காரர்கள் மடித்து அனுப்புகிற அதே மடிப்பு. நிலையத்துக்குப் போய், அதை ஒரு தட்டின் மூடியில் உள்பக்கமாக ஒட்டி, கீழே கூழை வைத்து மூடினாள். பக்கத்தில் இன்னொரு தட்டு. அதில் அவளுடைய சொந்த மேஜையில் அன்று காலை விழுந்தது. பிறகு சும்மா இருந்தாள்.

இரண்டும் வளர்ந்தன. உருண்டை வித்துகளும் வந்தன, சில நாள் கழித்து, பக்கத்தில் ஜோடியாக மூக்கு வைத்த கெட்டி வித்துகளும் வந்தன. ஆஸ்பத்திரித் தட்டில் இருந்ததேதான். இதனால் ஒன்றும் மாறப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மகள் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தாள். இப்போதெல்லாம் அம்மாவைத் தனியாகப் பஸ் ஏற விடுவதில்லை. பலகையில் இருந்த தட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதுதானாம்மா?"

"இதுதான். பாரு."

மகள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிராமலே கேட்டாள்: "நம்ம ஆளாம்மா?"

"நம்ம ஆளுதான். இதுவும் சாணிதானே. பல்லி போட்டா சாணி இல்லைன்னு நான்தான் நினைச்சுக்கிட்டேன்."

"இதை நீ முன்னாடி பாத்ததே இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் நம்பியிருப்பாள். அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று கேட்டு வளர்ந்த பெண்.

"பாத்திருக்கேன்," என்றாள் சாணியக்கா. "எத்தனையோ தடவை. மூடி பூரா பனி பிடிச்ச மாதிரிப் படிஞ்சிருக்கும். ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைச்சிருவேன்."

மகள் நிமிர்ந்தாள். "எதுக்கும்மா துடைச்ச?"

"உள்ள இருக்கிறது நல்லாத் தெரியணும்னு."